புனலூர்ல யார் இருக்கா?

டிசம்பர் வந்துவிட்டால் என் மேசையில் டிக்கெட்டுகள் குவியும். எல்லாம் அடுத்தவர்கள் போய்வந்த ஊர்கள். திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியின் சம்பளப் பிரிவில் 16 வருடமாக இருக்கிறேன், அதில் பாதி வருடங்களாவது எல்.டி.ஏ. பார்ப்பது என் தலையில்தான் விழுந்திருக்கிறது. சம்பளச் சீட்டில் ஒரு வரி வருமே, விடுமுறைப் பயணப் படி, அதுதான். அந்தப் பணத்துக்கு வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் லீவு போட்டு எங்காவது போய்வந்த டிக்கெட்டைக் காட்ட வேண்டும். நான்கு காலண்டர் வருடம் சேர்ந்தது ஒரு பிளாக், அதற்குள் இரண்டு பயணம், இந்தியாவுக்குள் மட்டும், அதுவும் ரயில், விமானம், பஸ் கட்டணம் மட்டும். ஓட்டல் வாடகை சேராது, சாப்பாடு சேராது. இதை வருடா வருடம் சுற்றறிக்கையாக அனுப்புகிறேன், வருடா வருடம் யாராவது ஒருத்தர் ஓட்டல் பில்லைப் பின் அடித்துக் கொண்டுவந்து நீட்டுகிறார். போன வாரம் வந்ததில் நான்கு பட்டர் நான், ஒரு தந்தூரிச் சிக்கன், இரண்டு லைம் சோடா. மூணாறு. லைம் சோடாவுக்கு வரி விலக்கு கிடையாது சார் என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் கொஞ்ச நேரம் அந்தப் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டோர்ஸில் ஒரு பையன் இருந்தான். ஒரு வருடம் கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை போகிற விவேக் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டைக் கொண்டுவந்தான். 4,100 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கும் மேல் ஒரே வண்டி, இந்தியாவிலேயே அதிகத் தூரம் ஓடுகிற ரயில். "அங்க என்னப்பா வேலை?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, கடைசி வரைக்கும் போய்ப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றான். ஒரு பாக்கெட் டீத்தூள் கொடுத்தான். கிறுக்குப் பையன் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் கேட்ட கேள்விதான் கிறுக்குத்தனமாகப் படுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

2022-இல் தொடங்கிய பிளாக் இந்த 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. எல்லாருடைய கணக்கையும் முடித்துவிட்டு, சும்மா இருக்கட்டுமே என்று என் கணக்கைத் திறந்து பார்த்தேன். நான்கு வருடம், இரண்டு கட்டம், இரண்டிலும் பூஜ்யம். அதற்கு முந்தைய பிளாக்கும் அப்படித்தான், ஆனால் அதில் கொரோனா இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். இதில் சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் நானே புதிய வரி முறைக்கு மாறிவிட்டேன், அதில் இந்த விலக்கே கிடையாது. ஆக, போயிருந்தாலும் வரியில் ஒரு ரூபாய் மிச்சமாகியிருக்காது, போகவும் இல்லை. படி மட்டும் வரியைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் சம்பளத்தோடு வந்து, காஸ் சிலிண்டரிலும் ஸ்கூட்டர் தவணையிலும் கரைந்திருக்கிறது.

சரி, லீவாவது எங்கே போனது என்று பார்த்தேன். போன வருடம் 11 நாள் ஈ.எல்.லை, அதாவது ஈட்டிய விடுப்பை, கம்பெனிக்கே விற்றிருக்கிறேன். அந்தப் பணத்தில் வாங்கியது வாஷிங் மெஷின். நன்றாகத்தான் துவைக்கிறது, அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது சுற்றிக்கொண்டிருக்கும்போது சில சமயம் தோன்றும், என்னுடைய பதினொரு நாள் உள்ளே கிடந்து அலசப்படுகிறது என்று.

எங்கேயுமே போகவில்லை என்று சொன்னால் பொய். போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறேன். மொய் எழுதுகிற நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது, அதை எடுத்து நான்கு வருடத்துக்குக் கணக்குப் போட்டேன் (தொழில் புத்தி). கல்யாணம் 14. கிரகப்பிரவேசம் 5. வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு எல்லாம் சேர்த்து ஒரு எட்டு ஒன்பது. துக்கத்துக்கு மொய் நோட்டில் இடமில்லை, ஆனால் நான்கு நினைவிருக்கிறது. இதுபோக குலதெய்வம் கோயில் வருடம் ஒரு தடவை, அம்மாவின் மூட்டுக்காக மதுரைக்கு மூன்று தடவை. திண்டுக்கல், தேனி, காரைக்குடி, தஞ்சாவூர், தென்காசி, சேலம். எல்லா ஊரும் போயிருக்கிறேன், எந்த ஊரையும் பார்த்ததில்லை. காரைக்குடியில் எனக்குத் தெரிந்தது மூன்று கல்யாண மண்டபம். அதில் ஒன்றில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தார்கள், வெறுங்காலில் நடந்தால் மே மாதத்திலும் ஜில்லென்று இருந்தது. அந்தக் கல்லைச் செய்கிற ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது என்று பந்தியில் உட்கார்ந்தபோது யாரோ சொன்னார்கள். போகவில்லை. பந்தி முடிந்தால் அடுத்தது வேன்.

நம் வீடுகளில் ஒரு கேள்வி உண்டு. இன்ன ஊருக்குப் போகிறேன் என்று சொன்ன அடுத்த நொடி வரும்: "அங்க யார் இருக்கா?" யாராவது இருந்தால் போகலாம். யாரும் இல்லையென்றால், "என்ன விசேஷம்?" விசேஷமும் இல்லையென்றால் கோயிலா. கோயிலும் இல்லையென்றால் முகத்தைப் பார்ப்பார்கள். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஒரு காலத்தில் ராத்திரி தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் அங்கே ஒரு வீடு வேண்டியிருந்தது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. கேள்வி அங்கிருந்து வந்தது. அந்தக் காரணம் பாதி போய்விட்டது, கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்டோர்ஸ் பையனிடம் நான் கேட்டதும் அதே கேள்விதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு.

இந்தக் கேள்விக்கு நான் முதன்முதலாகத் தப்பான பதில் சொன்னது இந்த வருடம் ஆவணியில்.

தென்காசியில் சித்தி மகன் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம், பதினொரு மணிக்கெல்லாம் சாப்பாடு முடிந்துவிட்டது, மறுநாள்தான் ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. மொத்தக் கூட்டமும் குற்றாலத்துக்குக் கிளம்பியது. எனக்கு அந்த அருவிக் கூட்டத்தில் ஈரத் துணியோடு நிற்கத் தெம்பில்லை. மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒருவர், பெண் வீட்டுக்காரர், பேச்சுவாக்கில் சொன்னார்: செங்கோட்டையிலிருந்து மத்தியானம் ஒரு வண்டி கேரளாவில் இருக்கிற புனலூர் பக்கம் போகும், மதுரையிலிருந்து குருவாயூர் போகிற வண்டி, மலை வழியாகப் போகும், நன்றாக இருக்கும் என்று. ஏழெட்டுக் கிலோமீட்டர்தானே செங்கோட்டை. அம்மாவைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கடி?"

"புனலூர் வரைக்கும் ரயில்ல போயிட்டு வந்திர்றேன் சித்தி."

"புனலூர்ல யார் இருக்கா?"

"யாரும் இல்ல."

சித்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆட்டோவைப் பார்த்தேன்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் 49 கிலோமீட்டர்தான். 1904-இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறந்தது. அகலப் பாதையாக்குவதற்காக 2010-இல் மூடி, எட்டு வருடம் கழித்து 2018-இல்தான் திரும்பத் திறந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற பாதை, ஏற்றமும் இறக்கமும் கடுமை. அதனால் வண்டிக்குப் பின்னாலும் ஒரு எஞ்சினை மாட்டுகிறார்கள். நான் முன்பதிவில்லாத பெட்டியில், கடைசிக்கு இரண்டு பெட்டி முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் எஞ்சின் வந்து தொட்டபோது ஒரு குலுக்கு, எதிர் சீட்டில் ஒரு பாட்டி மடியில் வைத்திருந்த தூக்குவாளி மூடி கழன்று உருண்டது. எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் அந்தப் பயணத்தில் நான் செய்த வேலை.

பகவதிபுரம் தாண்டியதும் குகை. நீளமான குகை, உள்ளே நுழைந்ததும் பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஓ"வென்று கத்தின, பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். குளிர்ந்த மண் வாசனை, கிணற்றுக்குள் குனிந்தால் வருமே, அது முகத்தில் அடித்தது. வெளியே வந்தபோது வேறு தேசம். இந்தப் பக்கம் தென்காசியில் காற்றும் வெயிலும், அந்தப் பக்கம் மழை. பெய்து முடித்த மழை இல்லை, மரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிற மழை. ஆரியங்காவு, கழுதுருட்டி. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று வளைவு வைத்த கல் பாலம் ஒன்று உண்டு. அதன்மேல் போகும்போது பாலம் தெரியாது, கீழே ரோடும் ரோட்டில் நின்று வண்டியைப் படம் எடுக்கிறவர்களும்தான் தெரிவார்கள். ஒருத்தர் கையாட்டினார். நானும் ஆட்டினேன். 46 வயதில் ரயில் ஜன்னலிலிருந்து தெரியாத ஒருவருக்குக் கையாட்டினேன், யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

புனலூரில் இறங்கி ஒரு கட்டன் சாயா, ஒரு பழம்பொரி. ஆற்றின் மேல் பழைய தொங்குபாலம் இருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. திரும்புவதற்கு அந்த நேரத்துக்குத் தோதான ரயில் இல்லை, இதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். போனில் சார்ஜ் 9. பஸ் மலைமேல் வளைந்து வளைந்து ஏறியபோது பக்கத்தில் ஒரு அம்மா என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார். தென்காசி வீடு சேர்ந்தபோது மணி பத்து. சித்தி பேசவில்லை. அம்மா ஒரு மூச்சு திட்டினார், வயசுப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரி. படுத்து விளக்கை அணைத்தபிறகு இருட்டில் கேட்டார்:

"பின்னாடியும் எஞ்சின் மாட்டுவாங்களா?"

"மாட்டுவாங்கம்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "பாத்ரூம் நல்லா இருக்குமா அந்த வண்டில?"

என் மொத்தச் செலவு, ஆட்டோ, டிக்கெட், டீ, பஸ் எல்லாம் சேர்த்து 410 ரூபாய். அந்தக் கல்யாணத்துக்கு வைத்த மொய்யைச் சொல்ல மாட்டேன்.

அதிலிருந்து கொஞ்சம் கை துணிந்துவிட்டது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை திருவெள்ளறைக்குப் போனேன். துறையூர் போகிற ரோட்டில், திருச்சியிலிருந்து 20 கிலோமீட்டர் சுமாருக்கு, சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினால் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. பெருமாள் கோயிலுக்குச் சின்ன வயதில் போயிருக்கிறேன். கோயிலுக்குப் பக்கத்திலேயே ஸ்வஸ்திக வடிவத்தில் ஒரு பெரிய கிணறு இருப்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது. நான்கு பக்கமும் படிகள், ஒவ்வொன்றும் பாதியில் மடங்கித் திரும்புகிறது, ஒரு துறையில் இறங்குபவருக்கு இன்னொரு துறையில் இருப்பவர் தெரியாது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டியது, மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். கல்வெட்டில் ஒரு பாட்டும் உண்டு. மூப்பு வந்து உன்னைத் தளர்த்துவதற்கு முன்னால் இருப்பதைச் சாப்பிடு, மிஞ்சியதை உலகம் அறியக் கொடு என்கிற மாதிரி அர்த்தம். ஆயிரத்து இருநூறு வருடமாக டவுன் பஸ் தூரத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். நான் சத்திரத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஊட்டி, கொடைக்கானலைப் பற்றி எனக்குப் பெரிய ஆசை இல்லை. இ-பாஸ் போட்டு வண்டிகளை எண்ணி அனுப்புகிற அளவுக்கு அங்கே கூட்டம், நானும் எதற்கு. மலை ரயில் மட்டும் ஒரு நாள் ஏற வேண்டும், மேட்டுப்பாளையத்திலிருந்து, பல்சக்கரம் பல்லில் மாட்டி ஏறுவதைக் காதால் கேட்பதற்காக. அது எப்போது என்று இன்னும் குறிக்கவில்லை.

குறிப்பதுதான் விஷயம். எங்கள் வீட்டில் நகைக்கடை கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கும். முகூர்த்த நாள் எல்லாம் அதிலேயே அச்சாகி வருகிறது, அதாவது அடுத்தவர்கள் நம்மைக் கூப்பிடப்போகிற நாட்கள் வருடம் பிறப்பதற்கு முன்னாலேயே குறித்து வந்துவிடுகின்றன. நம்முடையதுக்கு மிச்சமிருக்கிற நாள்தான். மிச்சம் இருந்ததே இல்லை. மகள் பிளஸ் ஒன் வந்ததிலிருந்து இரண்டு வருடம் "பிளஸ் டூ வீடு" என்று கேபிளைக்கூட வெட்டியிருந்தோம். அவள் இந்த ஜூலையில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரருக்குப் பயணம் என்றாலே தலைவலி, அவரை வீட்டில் கிரிக்கெட்டோடு விட்டுவிட்டுப் போனால் இரண்டு பேருக்கும் நல்லது, இதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆகவே 2026 காலண்டர் வந்த அன்றே பேனாவை எடுத்துக்கொண்டேன். ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்னால்தான் புக்கிங் திறக்கிறது, முன்பு 120 நாள் இருந்தது, 2024 நவம்பரிலிருந்து குறைத்துவிட்டார்கள். எல்லாரும் இதைத் திட்டுகிறார்கள், எனக்கு இது வசதியாகப் படுகிறது. நான்கு மாதம் கழித்து என்ன நடக்கும் என்று எனக்கு எங்கே தெரியும், இரண்டு மாதம் என்றால் ஒரு மாதிரி சமாளிக்கலாம். மே 1 வெள்ளிக்கிழமை, அன்றைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் மார்ச் 2 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். அக்டோபர் 2-உம் வெள்ளி, அதற்கு ஆகஸ்ட் 3. போகிற நாளை இல்லை, புக் செய்ய வேண்டிய நாளைத்தான் காலண்டரில் குறித்திருக்கிறேன். போகிற நாளைக் குறித்தால் அது ஆசையாகவே கிடக்கும், அனுபவம். மார்ச் 2 என்று எழுதினால் அது வேலை, வேலையை நான் செய்துவிடுவேன். ஜனவரி 26 திங்கள்கிழமை, அதைக் கோட்டைவிட்டுவிட்டேன், நான் பார்ப்பதற்குள் எல்லா வண்டியும் வெயிட்டிங் லிஸ்ட். (தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.)

பணத்துக்கு, எல்.டி.ஏ. வருகிற தொகையை மாதாமாதம் வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். சம்பளப் பிரிவில் இருந்துகொண்டு இதைக்கூட இத்தனை வருடம் செய்யாதவள். லீவை இந்த மார்ச்சில் விற்கப்போவதில்லை.

ஜனவரியில் ராமேஸ்வரம். காலையில் திருச்சியில் ஏறினால் மத்தியானம் கொண்டுபோய் விடுகிற வண்டி இருக்கிறது, அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். பாம்பனில் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் போவதற்கு நடுவில் ஒரு துண்டு அப்படியே நேராக மேலே தூக்கிக்கொள்ளும். அதை யூடியூபில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆசை. இதில் ஒரு வசதி, ராமேஸ்வரத்துக்குப் போகிறோம் என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அங்கே சாமி இருக்கிறார். நாங்கள் போவது பாலத்துக்காக என்பதை வெளியே சொல்லவில்லை. கோயிலுக்கும் போவோம், 22 தீர்த்தமும் ஆட வேண்டாம், மூட்டு தாங்காது என்று பேசி, பதினைந்து என்று அம்மா இறங்கி வந்திருக்கிறார். அது எப்படிப் பதினைந்து என்று எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரிக்குத்தான் முதல் நிஜப் பரீட்சை. 20-ஆம் தேதி வெள்ளி ராத்திரி திருச்சியில் கொல்லம் வண்டி, விடிகாலையில் மலையைத் தாண்டும்போது இருட்டாக இருக்கும், ஞாயிறு மத்தியானம் அதே வழியில் திரும்பி வரும்போது எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு ராத்திரி புனலூரில் தங்கல், இந்தத் தடவை அந்தத் தொங்குபாலத்தின் மேல் ஏறுவேன். டிசம்பர் 22 திங்கள்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கே சமையலறையில் போனோடு நின்றேன். அம்மாவுக்கு 71, எனக்கு 45 தாண்டிவிட்டது, இரண்டு பேருக்குமே கீழ் பெர்த் கேட்கலாம். டிக்கெட் வந்ததும் அம்மாவுக்கு முதலில் கண்ணில் பட்டது விலைதான். 2020 மார்ச் வரை 58 வயது தாண்டிய பெண்களுக்குப் பாதிக் கட்டணம். "அப்பவே போயிருக்கணும்" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, குக்கர் விசில் வந்தது நல்லதாகப் போயிற்று.

மூன்றாம் நாள் சித்தி போன். போன ஆவணியில் கல்யாணமான பையனின் மனைவிக்கு வளைகாப்பு, பிப்ரவரி 22 ஞாயிறு, முதல்நாளே வந்துவிட வேண்டும். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எச்சில் விழுங்கினேன்.

"அன்னைக்கு ஊர்ல இல்ல சித்தி. இன்னொரு நாள் வந்து பிள்ளைய பாத்துட்டுப் போறேன்."

"ஏன், எங்க போற?"

"புனலூர்."

"திரும்பவுமா? அங்க யார்தான்டி இருக்கா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை என் கையிலிருந்து வாங்கினார். "நானும்தான் போறேன். வண்டிக்குப் பின்னாடியும் ஒரு எஞ்சின் மாட்டுவாங்களாம், உனக்குத் தெரியுமா? உங்க ஊர்ல இருந்து நாலு எட்டுதான், நீ பாத்திருக்கியா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சித்தி, குரலைத் தாழ்த்தி, "பாத்ரூம் எல்லாம் நல்லா இருக்குமா அக்கா?" என்று கேட்டார்.